சுவருக்குள் கிடக்கும் பழைய கேபிள்



நமது அறக்கட்டளை அலுவலகக் கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைத்த செலவுக் கணக்கு சென்ற பொதுக்குழுவில் வாசிக்கப்பட்டது. எதிர்பார்த்ததைவிடச் செலவு மிகவும் குறைவாக இருந்ததால், "எப்படி?" என்று பலர் கேட்டார்கள். பழைய கேபிள் டிவி வயரைப் பயன்படுத்தினோம் என்றதும், தங்கள் வீட்டிலும் கடையிலும் இதைச் செய்யலாமா என்று கேட்டார்கள். சிலருக்கு முடியும், சிலருக்கு முடியாது. எங்களுக்கே ஓரிடத்தில் முடிந்தது, இன்னோரிடத்தில் முடியவில்லை. அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் தேவை எப்படி வந்தது என்பது. வக்ஃப் சொத்து விவரங்களை ஏற்றுவதற்கான உமீத் இணையதளம் 2025 ஜூன் 6 அன்று தொடங்கியது. ஆறு மாதத்துக்குள் பதிவேற்ற வேண்டும் என்பது விதி. சுற்றுவட்டாரத்து முத்தவல்லிகள் பழைய பத்திரங்களைத் துணிப்பையில் கட்டிக்கொண்டு நமது செங்கல்பட்டு அலுவலகத்துக்கு வரத் தொடங்கினார்கள். ஸ்கேனர் ஓர் அறையில், பதிவேற்றும் கம்ப்யூட்டர் இன்னோர் அறையில். நடுவில் பென்டிரைவ் ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள் அந்தப் பென்டிரைவ் கைவிட்டது. 40 பக்கப் பத்திரம் ஒன்றை மீண்டும் ஸ்கேன் செய்ய வேண்டியதாயிற்று. இரண்டாம் முறை கண்ணாடியில் வைத்து எடுத்தபோது அந்தப் பழைய முத்திரைத்தாளின் மடிப்பு பிளந்துவிட்டது. எழுத்துக்குச் சேதமில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் முன்னோர் பாதுகாத்துத் தந்த காகிதம் நம் கையில் கிழிந்ததே என்று அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை.

அலுவலகம் இருப்பது பழைய கட்டடத்தின் மாடி. முன்பு லாட்ஜ் நடத்த வாடகைக்கு விட்டிருந்த இடம். ஒன்றரை அடி கனமுள்ள சுண்ணாம்புச் சுவர்கள், உத்திரத்தின் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் தளம். ரூட்டர் இருக்கும் அறையைத் தாண்டினால் வைஃபை வராது. புதிய வயர் இழுக்க இரண்டு கொட்டேஷன் வாங்கினோம். இரண்டிலுமே வயரின் விலையைவிடச் சுவரைத் துளைத்துப் பூசும் கூலிதான் அதிகம். அந்தத் தொகையில் இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு வருடக் கல்லூரிக் கட்டணம் கட்டிவிடலாம். அலுவலகச் செலவுக்கு ஜகாத் கணக்கிலிருந்து நாம் ஒரு பைசா எடுப்பதில்லை. லில்லாஹ் கணக்கில் வருவதுதான். அதுவும் அமானிதமே.

அப்போதுதான் நமது மாலை நேர வகுப்பில் படிக்கும் மாணவர் ஒருவர், "பாய், எல்லா ரூமுலயும் கேபிள் டிவி வயர் தொங்குதே, அதுல ஓட்ட முடியாதா?" என்று கேட்டார். முடியாது என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்குப் போன பிறகுதான் நான் சொன்னது எவ்வளவு தவறு என்று உறைத்தது. நான் கல்லூரியில் முதன்முதலில் பார்த்த கம்ப்யூட்டர் நெட்வொர்க்கே அந்த மாதிரி வயரில்தான் ஓடியது.

கோஆக்ஸியல் கேபிள் என்பதன் அமைப்பு எளிது. நடுவில் ஒரே ஒரு கம்பி. அதைச் சுற்றி வெள்ளை நிற பிளாஸ்டிக் நுரை. அதன்மேல் அலுமினியத் தாளும் பின்னிய கம்பி வலையும். எல்லாவற்றுக்கும் மேல் கறுப்பு அல்லது வெள்ளைத் தோல். நடுக்கம்பியில் செல்லும் சிக்னலை வெளியே கசியாமலும், வெளியிலிருக்கும் மின் இரைச்சல் உள்ளே வராமலும் அந்த வலை காக்கிறது. ஆலிவர் ஹெவிசைட் என்ற ஆங்கிலேயர் 1880-லேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். 1973-ல் அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் மெட்கால்ஃபும் டேவிட் பாக்ஸும் ஈதர்நெட்டை உருவாக்கியபோது கம்ப்யூட்டர்களை இணைத்ததும் கோஆக்ஸியல் கேபிள்தான். இன்று ரூட்டரின் பின்னால் சொருகும் வயரில் ஓடுவதும் அதே ஈதர்நெட்டின் வாரிசுதான். வயர்தான் மாறிவிட்டது.

இந்தியாவில் எர்நெட் என்ற கல்வி ஆராய்ச்சி வலையமைப்பு 1986-ல் தொடங்கியபோது அதில் சேர்ந்த எட்டு நிறுவனங்களில் சென்னை ஐஐடியும் ஒன்று. பொதுமக்களுக்கு விஎஸ்என்எல் இணையம் திறந்தது 1995 ஆகஸ்ட் 15-ல். இந்தக் காலத்துக் கல்லூரிக் கம்ப்யூட்டர் அறைகளில் மெல்லிய கோஆக்ஸியல் வயர் ஒரே சரமாக ஒவ்வொரு மேஜையின் பின்னாலும் போகும். ஒரு துண்டுக்கு 185 மீட்டர் நீளம், 30 கம்ப்யூட்டர், வினாடிக்கு 10 மெகாபிட் வேகம் என்பது வரம்பு. ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஆங்கில டி எழுத்து வடிவ இணைப்பான், சரத்தின் இரு முனைகளிலும் அடைப்பான். கடைசி பெஞ்சில் ஒருவன் காலை நீட்டி வயரைத் தட்டிவிட்டால் அறை முழுவதும் நின்றுபோகும். லேப் உதவியாளர் ஒவ்வொரு மேஜையாகக் குனிந்து தேடுவார். முறுக்கிய ஜோடிக் கம்பி வயர் வந்து இந்தத் தொல்லை தீர்ந்தது. கம்ப்யூட்டர் அறையை விட்டு வெளியேறிய கோஆக்ஸியல், அதே ஆண்டுகளில் நம் வீட்டு வரவேற்பறைக்குள் நுழைந்தது. 1993-ல் சன் டிவி வந்தது. 2007-ல் தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம் உருவாகி, 2011-ல் மாதம் 70 ரூபாய்க்குச் சேவை தந்தது. தெருவுக்குத் தெரு, அறைக்கு அறை வயர் போய்ச் சேர்ந்தது. இப்போது ஃபைபர் இணைப்பும் செல்போனும் வந்தபின் அவற்றில் பல சும்மா கிடக்கின்றன.

அப்படியானால் பழைய கல்லூரி முறையை அப்படியே செய்துவிடலாமா? முடியாது. அந்தக் காலக் கம்ப்யூட்டர் வயர் 50 ஓம் வகை. டிவிக்கும் சிசிடிவி கேமராவுக்கும் போடுவது 75 ஓம். இந்த ஓம் என்பது மல்டிமீட்டரில் தெரியும் தடை அல்ல. வேகமாக மாறும் சிக்னல் அலைக்கு அந்த வயர் காட்டும் குணம். கோவளம் கடற்கரையில் மீனவர்கள் கயிற்றை உதறுவதைப் பார்த்திருப்பீர்கள். தடித்த கயிற்றோடு மெல்லிய கயிற்றை முடிந்து உதறினால், அலை முடிச்சு வரை போய், ஒரு பகுதி திரும்பி வந்துவிடும். இருவகை வயர்களை ஒட்டுப் போட்டாலும் சிக்னல் அப்படித்தான் எதிரொலித்துக் குழம்பும். அதோடு பழைய 10 மெகாபிட் கார்டுகள் இன்று கடையில் கிடைப்பதும் இல்லை.

வேறொரு தவறையும் இங்கே சொல்லிவிடுகிறேன். கோஆக்ஸியல் வயரின் இரு முனையிலும் தோலை உரித்து, நடுக்கம்பியையும் வலையையும் சாதாரண நெட்வொர்க் பிளக்கில் அழுத்திவிட்டால் போதும் என்று ஒரு எலக்ட்ரீஷியன் எங்களிடம் உறுதியாகச் சொன்னார். நெட்வொர்க் வயரில் நான்கு ஜோடிக் கம்பிகள் உண்டு. அவை 100 ஓம் வகை. 100 மெகாபிட்டுக்கே இரண்டு ஜோடி வேண்டும். கோஆக்ஸியலில் இருப்பதோ ஒரே பாதை. அது ஓடாது. நடுவில் ஒரு மாற்றுக் கருவி கட்டாயம் தேவை, இரு முனைக்கும் ஒவ்வொன்று.

அந்தக் கருவிகளில் நாங்கள் பார்த்தவை இரண்டு வகை. முதலாவது மோகா என்பது. 2004-ல் சில நிறுவனங்கள் கூடி உருவாக்கிய தரம். கேபிள் டிவி 1000 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே ஓடுகிறது. மோகா அதற்கு மேலே 1125 முதல் 1675 வரையிலான பகுதியில் ஓடுவதால், ஒரே வயரில் டிவியும் கம்ப்யூட்டரும் இடிக்காமல் போகும். இதன் 2.5 பதிப்பில் வினாடிக்கு 2500 மெகாபிட் வரை, ஒரே வயர் அமைப்பில் 16 கருவிகள் வரை சேரலாம். அந்த வேகத்தை எல்லாரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். வீட்டில் டிஷ் ஆன்டெனா வைத்திருப்பவர்கள் கவனிக்க: டிஷ்ஷிலிருந்து இறங்கும் வயரில் 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரை சிக்னல் வருகிறது. அந்த வயரில் மோகாவைச் சேர்த்தால் இரண்டும் கெடும்.

இரண்டாவது வகை சிசிடிவி கடைகளில் கிடைப்பது. பழைய கேமராவை எடுத்துவிட்டு இணையக் கேமரா மாட்டுபவர்கள் அதே வயரைப் பயன்படுத்துவதற்காக வந்தது. ஒரு வயருக்கு ஒரு ஜோடி, வேகம் 100 மெகாபிட். மோகாவைவிடப் பெரிதும் மலிவு.

நமக்கு எது வேண்டும் என்பதற்கு ஒரு சிறு கணக்குப் போட்டோம். ஸ்கேன் செய்த ஒரு பக்கம் ஏறத்தாழ 1.5 மெகாபைட். 40 பக்கப் பத்திரம் 60 மெகாபைட், அதாவது 480 மெகாபிட். 100 மெகாபிட் வயரில் சுமார் 5 வினாடி. என் கல்லூரிக் காலத்து 10 மெகாபிட்டில்கூட 48 வினாடிதான்! பென்டிரைவைக் கழற்றி, அடுத்த அறைக்கு நடந்து, சொருகி முடிக்க அதைவிட அதிக நேரமாகும். ஆகவே 2500 வேண்டும் என்று யாராவது சொன்னால் எதற்கு என்று கேட்கத் தயங்க வேண்டாம். மூன்று அறைகளுக்குச் சிசிடிவி வகை, ஸ்கேனருக்கும் எல்லா ஆவணமும் சேமிக்கும் பெட்டிக்கும் இடையில் மட்டும் மோகா ஜோடி என்று முடிவு செய்தோம். மோகா கருவி எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை என்பதால் ஒன்று உபரியாகவும் வாங்கி வைத்தோம்.

வேலையைத் தொடங்கும் முன் நிர்வாகக் குழுவில் மூத்த ஆலிம் ஒருவர் கேட்ட கேள்வி எங்களை நிறுத்தியது. "வயர் யாருடையது?" கட்டடம் நம்முடையது. ஆனால் வயரைப் போட்டது லாட்ஜ் நடத்தியவர். தெருவிலிருந்து மாடிவரை வருவது கேபிள் ஆபரேட்டருடையது. கேட்பாரற்றுக் கிடப்பதால் அது நம்முடையதாகிவிடாது. இது ஹக்குல் இபாத் சம்பந்தப்பட்டது. லாட்ஜ் நடத்தியவரைத் தேடிப் போனோம். மனமுவந்து விட்டுக்கொடுத்து எழுதியும் கொடுத்தார். ஆபரேட்டர், மாடிப்படி வரையுள்ள தன் வயரைச் சுருட்டி எடுத்துக்கொண்டார்.

அவர் எடுத்துக்கொண்டது இன்னொரு வகையிலும் நல்லதாயிற்று. ஆபரேட்டரின் வயர் ஸ்பிளிட்டர் வழியே பக்கத்துக் கட்டடங்களோடும் சேர்ந்திருக்கும். அதை வெட்டாமல் நம் கருவியை மாட்டினால், நம் நெட்வொர்க் அந்த வயர் வழியே வெளியே நீளும். விதவை உதவித்தொகை மனுக்கள், ஆதார் நகல்கள், வங்கிப் பாஸ்புக் பக்கங்கள், பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல்கள் எல்லாம் நம் கம்ப்யூட்டரில் இருக்கின்றன. ஒரு சகோதரி உதவி கேட்டு வந்ததைப் பக்கத்து வீட்டுக்காரர் அறியக் கூடாது என்பதற்காகத்தான் மனு வாங்கும் அறைக்குத் திரை போட்டிருக்கிறோம். வயர் வழியாக அது வெளியே போனால் திரையால் என்ன பயன்? வீட்டில் டிவி இணைப்பை வைத்துக்கொண்டே மோகா போடுபவர்கள், தெரு வயர் உள்ளே வரும் இடத்தில் அதற்கென உள்ள ஃபில்டரை மாட்ட வேண்டும். கருவியின் அமைப்புப் பக்கத்தில் கடவுச்சொல் பூட்டையும் போட வேண்டும். 2.0 பதிப்பு முதல் 128 பிட் குறியாக்கம் உண்டு. ஆனால் பல கருவிகள் பெட்டியிலிருந்து வரும்போது பூட்டு அணைந்தே இருக்கும்.

பிறகு சோதனை. மாடிப்படித் திருப்பத்தில் ஏழு வயர்கள் வந்து சேர்ந்தன. எது எந்த அறைக்குப் போகிறது என்று ஒருவருக்கும் தெரியாது. அறை முனையில் நடுக்கம்பியையும் வலையையும் ஒரு கிளிப்பால் சேர்த்துவிட்டு, படிக்கட்டு முனையில் மல்டிமீட்டர் வைத்தால் சில ஓம் காட்டும் வயர்தான் அந்த அறையுடையது. கிளிப்பை எடுத்ததும் எதுவும் காட்டக் கூடாது. காட்டினால் நடுவில் எங்கோ நசுங்கி ஒட்டியிருக்கிறது. இப்படி ஒவ்வொன்றுக்கும் பெயர்ச்சீட்டு ஒட்டினோம். ஒன்றை எலி கடித்திருந்தது. இன்னொன்று நன்றாகவே அளவு காட்டியது, ஆனால் சிக்னல் போகவில்லை. தேடியதில், அட்டைக் கூரைக்கு மேலே யாரோ நடுக்கம்பியை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிய ஒட்டு ஒன்று இருந்தது. மல்டிமீட்டர் பொய் சொல்லவில்லை. அது கேட்ட கேள்வி வேறு, நமக்கு வேண்டிய விடை வேறு. ஐந்து வயர்கள் தேறின.

வயரின் தோலில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். ஆர்ஜி 6 என்றால் நல்லது. ஆர்ஜி 59 என்றால் சற்று மெல்லியது, குறைந்த தூரத்துக்கு ஓடும். நடுக்கம்பியில் காந்தத்தை வையுங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே மட்டும் செம்புப் பூச்சு. இதைக் கண்டு ஏமாந்துவிட்டோமே என்று வருந்த வேண்டாம். அதிவேகச் சிக்னல் கம்பியின் மேற்பரப்பில்தான் ஓடும். 1000 மெகாஹெர்ட்ஸில் அது இறங்கும் ஆழம் ஒரு மில்லிமீட்டரில் 500-ல் ஒரு பங்கு. பூச்சே போதும். ஆனால் அதே வயரில் கேமராவுக்கு மின்சாரமும் அனுப்ப நினைத்தால் இரும்புக் கம்பி காலை வாரிவிடும். மின்சாரத்துக்கு முழுக் கம்பியும் வேண்டும்.

முனைகளில் இருந்த, கையால் முறுக்கிச் சொருகும் எஃப் கனெக்டர்களை எல்லாம் வெட்டி எறிந்துவிட்டு, கருவியால் அழுத்திப் பொருத்தும் வகையைப் போட்டோம். மோகா போகும் வழியில் ஸ்பிளிட்டர் இருந்தால் அதன்மேல் அச்சிட்டிருப்பதையும் பாருங்கள். டிவி ஸ்பிளிட்டர்கள் பெரும்பாலும் 1000 மெகாஹெர்ட்ஸோடு நிற்பவை. 1675 வரை தாங்குவதாக மாற்ற வேண்டும். டிவி பூஸ்டர் இருந்தால் கழற்றியே ஆக வேண்டும். தூரம் 90 மீட்டருக்குள் இருப்பது நல்லது.

செங்கல்பட்டில் இப்படி முடிந்ததும் உற்சாகத்தில், கோவளம் பக்கம் உள்ள நமது தையல் பயிற்சி மையத்துக்கும் இதையே செய்யப் போனோம். அங்கே பழைய சிசிடிவி வயர்கள் இருந்தன. மையம் கடலுக்கு மிக அருகில். முதல் வயரின் தோலை உரித்ததும் பின்னல் வலை கறுத்துப் பொடியாக உதிர்ந்தது. நடுக்கம்பி பச்சை பூத்திருந்தது. ஒரு சாண் வெட்டிப் பார்த்தோம், அதே நிலை. ஒரு முழம் வெட்டினோம், அப்போதும் அதேதான். 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்ததே, அன்று மொட்டைமாடியில் கேமரா பிடுங்கிப் போனபின் வயர் முனை திறந்தபடியே கிடந்திருக்கிறது. திறந்த முனை வழியே ஏறும் நீர் வலையின் இழைகளுக்கு நடுவே உள்ளே ஊர்ந்து போகும். உப்புக் காற்று மிச்ச வேலையைப் பார்த்துவிடும். மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வரை கடலோரத்தில் இருப்பவர்கள், வெளிப்புறமாகப் போகும் பழைய வயர் எதையும் நம்ப வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

ஆனாலும் அங்கே வயர்கள் பிவிசி பைப்புக்குள் தாராளமாக ஓடியிருந்தன. கெட்டுப்போன வயரின் முனையில் புதிய கேட் 6 வயரைக் கட்டி, மறுமுனையிலிருந்து மெல்ல இழுத்தோம். பழையது வெளியே வர, புதியது உள்ளே போய்ச் சேர்ந்தது. சுவரில் ஒரு துளைகூடப் போடவில்லை. பூச்சுக்குள் புதைந்த வயரிலும் ஆணி அடித்த வயரிலும் இது நடக்காது.

வெளியே வந்த வயரைச் செம்புக்காகக் கொளுத்தலாம் என்று இளைஞர்கள் சிலர் கிளம்பினார்கள். தடுத்துவிட்டேன். அந்தத் தோல் எரிந்தால் வரும் புகையில் அமிலமும் டையாக்சின் என்ற கொடிய நஞ்சும் உண்டு. பக்கத்திலேயே குழந்தைகள் ஓதும் மதரஸா. அப்படியே சுருட்டிக் காயலான் கடையில் போட்டோம். (காயல்பட்டினத்தாரின் வியாபாரத்திலிருந்துதான் அந்தப் பெயரே வந்தது என்பார்கள்.) கிடைத்த சிறு தொகைக்கு ரசீது எழுதி லில்லாஹ் கணக்கில் வரவு வைத்தாயிற்று.

செலவைக் குறைக்கிறோம் என்று சொல்லித் தேவையானதையும் செய்யாமல் விடுவது ஒரு நோய். அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மாற்றுக் கருவிகள் ஒவ்வொன்றுக்கும் கரண்ட் வேண்டும் என்பதை முதலில் நான் யோசிக்கவில்லை. மின்தடை வந்தபோது கம்ப்யூட்டர்கள் யுபிஎஸ்ஸில் ஓடின, கருவிகள் அணைந்து நெட்வொர்க் நின்றது. பதிவேற்றத்தின் நடுவில் இரண்டு முறை இப்படி ஆயிற்று. பிறகுதான் கருவிகளையும் யுபிஎஸ்ஸோடு சேர்த்தோம். அந்தச் செலவை முதல் கணக்கில் நான் காட்டாதது என் தவறு. இப்போது காட்டியிருக்கிறேன். சேர்த்தாலும் கொட்டேஷனில் கால்பங்கைத் தாண்டவில்லை. கட்டடத்துக்கு என்றாவது பெரிய மராமத்து நடந்தால் அப்போது பைப் பதித்துப் புதிய வயர்தான் போட வேண்டும் என்று மினிட்ஸ் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறோம்.

வீடுகளுக்கு ஒரு வார்த்தை. கீழே ரூட்டர், மாடியில் பிள்ளை படிக்கும் அறை, நடுவே வைஃபை எட்டாத காங்கிரீட் தளம், ஆனால் மாடிக்கும் பழைய கேபிள் வயர் போகிறது என்றால் ஒரு ஜோடிக் கருவி போதும். ஆன்லைன் வகுப்புக்கு 100 மெகாபிட் வகையே தாராளம். ரூட்டரை இடம் மாற்றினாலே தீரும் பிரச்சினை என்றால் அதையும் வாங்க வேண்டாம். மொட்டைமாடியில் திறந்து கிடக்கும் வயரோடு எதையும் இணைக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை இடி மின்னல் அந்த வழியாகவே வீட்டுக்குள் இறங்கும்.

மல்டிமீட்டர், கனெக்டர் அழுத்தும் கருவி, சோதித்துப் பார்க்க ஒரு ஜோடி 100 மெகாபிட் கருவி ஆகியவை அலுவலகத்தில் இருக்கின்றன. வெள்ளி தவிர மற்ற நாட்களில் அஸருக்குப் பின் வந்து, பதிவேட்டில் கையெழுத்திட்டு இரவலாக எடுத்துச் செல்லலாம். மூன்று நாட்களுக்குள் திருப்பித் தந்துவிட வேண்டும். வாங்குவதற்கு முன் உங்கள் வயரில் ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வஸ்ஸலாம்.
செயலாளர்